தக்காளி சாஸ் சார்டின் டின்: விலையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: மலேசிய சூப்பர்மார்க்கெட்டில் தக்காளி சாஸ் சார்டின் மட்டும் ஏழெட்டு பிராண்ட் அடுக்கியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சிவப்பு லேபல், எல்லாம் 425 கிராம். விலையில் மட்டும் இரண்டு மூன்று வெள்ளி (ரிங்கிட்) வித்தியாசம். கூடுதல் விலைக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா, பெயருக்குத்தான் காசா? மிளகாய் அரைத்துச் செய்யும் சம்பாலுக்கும் ரொட்டிக்குள் வைப்பதற்கும் ஒரே டின் போதுமா?

பெயருக்கும் கொஞ்சம் காசு போகத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே எத்தனை கிராம் மீன், அது எந்த மீன், சாஸைக் கெட்டியாக்கியது தக்காளியா மாவா என்று பார்த்தால் விலைக்கான காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பார்க்காமல் முகப்பு விலையை மட்டும் வைத்து எடுத்தால், மலிவு என்று நினைத்து வாங்கும் டின்தான் பல சமயம் அதிக விலை.

முதலில் எடை. முகப்பில் பெரிதாக இருக்கும் 425 கிராம் 'பெராட் பெர்சே', அதாவது மீனும் சாஸும் சேர்ந்த எடை. நீங்கள் தேட வேண்டியது பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் 'பெராட் தோஸ்காஸ்'. சாஸை நீக்கிய பிறகு மிஞ்சும் மீனின் எடை அதுதான். ஒரே அளவு டின்னில் இது பிராண்டுக்கு பிராண்ட் ஐம்பது கிராமுக்கு மேல்கூட மாறும். ஒரு கணக்குக்கு, 9 வெள்ளி 90 காசு டின்னில் தோஸ்காஸ் 275 கிராம், 7 வெள்ளி 90 காசு டின்னில் 210 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டின்னில் 100 கிராம் மீன் 3 வெள்ளி 60 காசுக்கு விழுகிறது. இரண்டாவதில் 3 வெள்ளி 76 காசு. இரண்டு வெள்ளி மிச்சம் என்று எடுத்த டின்னில் நீங்கள் வாங்கியது சாஸ். 155 கிராம் சின்ன டின் 4 வெள்ளி 20 காசு, தோஸ்காஸ் 90 கிராம் என்றால் 100 கிராம் மீன் 4 வெள்ளி 67 காசு. தனியாக இருப்பவர் மிச்சம் வைத்துக் கெடுப்பதைவிட அது தேவலாம். நான்கு பேர் வீட்டுக்கு அதை வாங்கக் காரணமே இல்லை. தோஸ்காஸ் எடை எங்கேயும் அச்சிடாத டின்னை அங்கேயே வைத்துவிடுவது நல்லது.

லேபல் சொல்வது சரிதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவு விதித்தொகுப்பில் சாஸில் அடைத்த மீனுக்குச் சொல்லியிருக்கும் முறையின் எளிய வடிவம் இது. டின்னை முந்தின இரவே சமையல்மேடையில் வைத்துவிடுங்கள். குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்த டின் வேண்டாம். ஒரு வடிகட்டியை வெறுமனே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாவு சலிக்கும் பொடிக்கண் சல்லடையில் சாஸ் அடைத்துக்கொள்ளும். கண் 3 மில்லிமீட்டர் அளவு இருக்கட்டும். மீனை உடைக்காமல் அதில் சரித்து, 40 டிகிரி வெந்நீரை, அதாவது கைக்கு இதமாகச் சுடும் நீரை, மெதுவாக ஊற்றிச் சாஸ் போகும்வரை கழுவுங்கள். வடிகட்டியைச் சற்றுச் சாய்த்து இரண்டு நிமிடம் வடியவிட்டு மறுபடி எடை போடுங்கள். பச்சைத் தண்ணீரில் கழுவினால் எண்ணெய் கலந்த சாஸ் மீனோடு ஒட்டிக்கொண்டு எடை கூடுதலாகக் காட்டும். கொதிநீர் ஊற்றினால் மீனின் கொழுப்பும் உதிரியும் ஓடிப்போய்க் குறைத்துக் காட்டும். ஐந்து பத்து கிராம் வித்தியாசத்துக்குச் சண்டை போட வேண்டாம், வீட்டுத் தராசும் கையும் அவ்வளவுதான். முப்பது கிராம் குறைந்தால் இன்னொரு டின்னைத் திறந்து பாருங்கள். அதுவும் அப்படியே என்றால் அந்த பிராண்டை விட்டுவிடலாம். கழுவிய மீன் வீணாகாது, உருளைக்கிழங்கோடு பிசைந்தால் கட்லெட்.

அடுத்து, அது எந்த மீன்? சார்டின் என்பது ஒரே மீனின் பெயர் என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம். 1981-இல் வந்த கோடெக்ஸின் 94-ஆம் எண் தரவிதி, சார்டின் அல்லது சார்டின் வகை என்று டின்னில் அடைக்கத்தக்க மீன்களாகச் சுமார் இருபது இனங்களைப் பட்டியலிடுகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மத்தி, சாளை என்று சொல்லும் மீன் அதில் உண்டு. ஹெர்ரிங் உண்டு, நெத்திலிக் குடும்பத்து மீன்கள் சிலவும் உண்டு. வேறு அடைமொழி இல்லாமல் வெறும் 'சார்டின்' என்று எழுதும் உரிமை ஐரோப்பிய, மொரோக்கோ கடல்களில் பிடிபடும் சார்டினா பில்கார்டஸுக்கு மட்டும். மற்றவை நாட்டின் பெயரையோ கடற்பகுதியையோ இனப்பெயரையோ முன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அதுவும் கூடாது, சார்டின் என்ற சொல்லே மற்றவற்றுக்கு ஆகாது என்று பிடிவாதமாக இருந்தது. பசிபிக் சார்டினை டின்னில் அடைத்து விற்கும் பெரு நாடு உலக வணிக அமைப்புக்குப் போய் 2002-இல் வழக்கில் ஜெயித்தது. ஒரு டின் மீனின் பெயருக்காக நாடுகள் வழக்காடியிருக்கின்றன, லேபலில் அந்த ஒரு வரியைப் படிக்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

தென்கிழக்கு ஆசியக் கடை அலமாரியில் அதிகம் எதிர்ப்படுவது இரண்டு வகை. ஒன்று சார்டினோப்ஸ் சாகாக்ஸ் என்ற பசிபிக் சார்டின். ஜப்பான் பக்கம் பிடிபடுவதும் இந்த வகைதான். உடம்பு தடித்தது, முதுகுச்சதை கனம், டின்னில் துண்டுகள் குறைவாகவும் பெரிதாகவும் நிற்கும். மற்றது சார்டினெல்லா லெமுரு. இந்தோனேசியாவில் பாலி நீரிணையை ஒட்டிய முஞ்சார் துறைமுகமும் பிலிப்பீன்ஸில் சம்போவாங்காவும் இதை வைத்தே டின் தொழில் நடத்துகின்றன. மீன் சிறியது, வயிறு மெல்லியது, ஆகவே சதைக்கு முள் விகிதம் கூடுதல், வாடையும் ஒரு படி தூக்கல். மட்டம் என்று அர்த்தமில்லை. புளியும் மிளகாயும் தாராளமாகப் போகும் சம்பாலில் லெமுருவின் வாடைதான் மேலெழுந்து நிற்கும். பசிபிக் சார்டின் அங்கே சாதுவாகிவிடும். ரொட்டிக்குள் வைக்க, குழந்தைகளுக்குக் கொடுக்க என்றால் பசிபிக் சார்டின்தான். இன்ன நாட்டில் தயாரித்தது என்று டின்னில் இருந்தால், அங்கே மூடி முத்திரையிட்டார்கள் என்றுதான் பொருள். மீன் உறைந்த கட்டியாக வேறு கடலிலிருந்து வந்திருக்கலாம். இனப்பெயர் அச்சிட்டிருந்தால் அதை நம்புங்கள், நாட்டுப் பெயரை அல்ல.

இங்கேயே ஒரு பொறி. சார்டின் டின்னுக்குப் பக்கத்திலேயே, அதே சிவப்பில், அதே உயரத்தில் 'மாக்கரெல்' டின் நிற்கும். அவசரத்தில் அதை எடுத்து வந்து "இந்தத் தடவை சார்டின் வறட்டு வறட்டென்று இருக்கிறது" என்று குறை சொல்பவர்கள் ஏராளம். மாக்கரெல் கானாங்கெளுத்தி வகை, அதன் சதை இறுக்கமாக, இழை இழையாகப் பிரியும். குழம்பில் கொதித்தாலும் வடிவம் கெடாது. இலங்கையில் டின் மீன் என்று விற்பதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். அதனால்தான் யாழ்ப்பாணத்து டின் மீன் கறியின் செய்முறையை அப்படியே சார்டினில் செய்தால் மீன் கரைந்து குழம்பு கூழாகிறது. செய்முறையில் பிழை இல்லை, மீன் வேறு.

இனி சாஸ். இதற்குத்தான் நாக்கு முதலில் பதில் சொல்லும், ஏமாற்றுவதற்கும் இங்கேதான் இடம் அதிகம். அடிப்படை தக்காளி விழுது, தண்ணீர், உப்பு, சர்க்கரை. விழுது விலை கூடிய சரக்கு. அதைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால் சாஸ் ஓடும். ஓடாமல் நிறுத்த மாவும் பசையும் சேர்ப்பார்கள். பொருள் பட்டியலில் 'கஞ்சி தெருபா சுவாய்' என்று இருப்பது அந்தப் பக்குவப்படுத்திய மாவு. பொருள்கள் எடை வரிசையில் இறங்குமுகமாகத்தான் எழுதப்படும். மீனுக்கு அடுத்தபடியாகத் தக்காளி விழுது நின்றால் நல்ல சகுனம். தண்ணீர் இரண்டாவது, விழுது மூன்றாவது, உடனே மாவு, பிறகு நிறமூட்டி என்று போனால் அந்தச் சிவப்பு முழுக்கத் தக்காளியின் சிவப்பு இல்லை.

பட்டியலைப் படிக்க அலுப்பாக இருந்தால் ஒரு கரண்டி சாஸை வெள்ளைத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். நிஜ விழுது அதிகமுள்ள சாஸ் மங்கலாக, லேசான பொருபொருப்போடு குவிந்து நிற்கும். விளிம்பில் மெல்லிய ஆரஞ்சு எண்ணெய் வளையம் கட்டும். தண்ணீர் கலந்த சாஸைச் சுற்றி வெளிறிய நீர் பிரிந்து ஓடும். மாவுச் சாஸ் கண்ணாடி மாதிரி பளபளக்கும், தட்டைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கும், குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாள் களியாக இறுகும். பசை சேர்த்தது கரண்டியைத் தூக்கினால் நூல் விடும்.

அந்த ஆரஞ்சு எண்ணெயைப் பார்த்து மலிவான எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. பட்டியலில் எண்ணெய் என்று தனியாக இல்லாவிட்டால் அது மீனின் சொந்தக் கொழுப்பு. தக்காளியின் நிறப்பொருளான லைகோபீன் கொழுப்பில் கரையும். கரைந்து எண்ணெயையும் ஆரஞ்சாக்கிவிடுகிறது. எண்ணெய் மிதந்தால் மீன் கொழுத்த பருவத்தில் பிடிபட்டது என்று அர்த்தம், ஒமேகா-3 இருப்பதும் அதில்தான். சார்டினின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் பல மடங்கு ஏறி இறங்கும். போன மாதம் வாயில் கரைந்த அதே பிராண்ட் இந்த மாதம் சக்கையாக இருப்பதற்கு முதல் காரணம் இது. நல்ல டின் கிடைத்தால் மூடியில் அச்சிட்ட தொகுதிக் குறியைப் பார்த்து, அதே குறியில் இன்னும் நாலு வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

சாஸ் தண்ணீராகப் போவதற்கு விழுது குறைவது மட்டும் காரணம் இல்லை. ஒழுங்கான தொழிற்சாலையில் தலை, குடல் நீக்கிய மீனை டின்னில் அடுக்கி முதலில் ஆவியில் வேகவைப்பார்கள். மீனில் இருந்து நீர் கசியும். டின்னைக் கவிழ்த்து அதை வடித்துவிட்டுத்தான் சூடான சாஸை ஊற்றுவார்கள், மூடி இறுக்குவார்கள், பிறகு அழுத்தக் கலனில் 115 முதல் 121 டிகிரி வரை சூடேற்றுவார்கள். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளை அழிக்கும் சூடு அது. முள் மெத்தென்று ஆவதும் அந்தச் சூட்டில்தான். ஆவியில் வேகவைப்பதைக் குறைத்தாலோ தவிர்த்தாலோ, மீனின் நீர் மூடிய டின்னுக்குள்ளேயே கசிந்து நல்ல சாஸையும் நீர்க்க அடித்துவிடும். டின்னைத் திறந்ததும் மீனைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தயிர்த் திப்பி போல ஒட்டியிருந்தால், அது இப்படிக் கசிந்து உறைந்த மீன் புரதம். சாப்பிடலாம், அழகுதான் குறைவு.

மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெரியும். வயிறு வெடித்துக் கிழிந்திருந்தால், இரை நிறைந்த வயிற்றோடு பிடிபட்ட மீன் ஐஸில் போதிய அளவு வைக்கப்படாமல் கிடந்திருக்கிறது; செரிமான நொதிகள் வயிற்றுச் சுவரையே அரித்துவிட்டன. ஒரு டின்னில் ஒரு துண்டு இப்படி இருப்பது சகஜம், எல்லாமே இப்படி என்றால் மூலச்சரக்கு மட்டம். நடுமுள்ளை ஒட்டிக் கறுத்த கோடு சரியாகக் கழுவாத இரத்தம், கசக்கும். சதையில் தேன்கூடு போலத் துளைத்துளையாக இருந்தால் மீன் பழசு. செதில் ஒட்டியிருப்பது அலட்சியத்தின் அடையாளம், ஆபத்து இல்லை. கண்ணாடித் துணுக்கு மாதிரி ஏதாவது பல்லில் பட்டால் பயந்து புகார் எழுதும் முன் அதை வெதுவெதுப்பான வினிகரில் போட்டு வையுங்கள். மீனின் மக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உண்டாகும் ஸ்ட்ரூவைட் படிகம் என்றால் கரைந்துவிடும், கண்ணாடி கரையாது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். ஆயாம் பிராண்ட் 1892-இல் சிங்கப்பூரில் ஆல்ஃபிரெட் க்ளூவே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வணிகத்தில் பிறந்தது. லேபலில் சேவல் இருந்ததால் மக்கள் 'சாப் ஆயாம்', அதாவது மலாயில் 'கோழி மார்க்', என்று கேட்டு வாங்கினார்கள். மீன் டின்னுக்குக் கோழிப் பெயர் நிலைத்தது. இப்படிப் பழைய பெயருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசு, ஒவ்வொரு டின்னும் ஒரே மாதிரி இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்குத்தான். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுகிறதா என்று தோஸ்காஸ் கணக்கையும் தட்டுச் சோதனையையும் வைத்துப் பாருங்கள். சூப்பர்மார்க்கெட்டுகளின் சொந்த லேபல் டின்களை அநேகமாக வேறு தொழிற்சாலைகள்தான் செய்து தருகின்றன. பின்புறம் முகவரி இருக்கும். "பெரிய பிராண்டும் இதே தொழிற்சாலைதான், ஆகவே உள்ளே ஒன்றேதான்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எந்த அளவு மீன், எத்தனை கிராம், விழுது எவ்வளவு என்பதை டின்னைச் செய்யச் சொல்லி வாங்கும் நிறுவனம் எழுதிக் கொடுக்கும். ஒரே இயந்திரத்தில் காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு ஓடும்.

எதற்கு எது? ரொட்டிக்கும் கரிபாப்புக்கும் (உள்ளே மசாலா வைத்துப் பொரிக்கும் பலகாரம்) சாஸ் கெட்டியான, மீன் கனமான டின் வேண்டும். சாஸை முழுக்க வடித்து மீனை முள்ளோடு மசித்து, 425 கிராம் டின்னுக்கு ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய் பொடியாக நறுக்கி, இரண்டு கஸ்தூரி எலுமிச்சை பிழிந்தால் போதும். சாஸ் வேண்டுமென்றால் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் திரும்பச் சேர்க்காதீர்கள். கரிபாப்பின் அடி ஊறி எண்ணெயில் வெடிப்பது அந்த ஈரத்தால்தான். நடுமுள்ளை எடுத்து எறிவது நட்டம்: முள்ளோடு சேர்ந்த 100 கிராம் சார்டினில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

சம்பாலுக்கு நீர்த்த சாஸே போதும், எப்படியும் வற்றவைக்கப் போகிறோம். பன்னிரண்டு காய்ந்த மிளகாய், எட்டுச் சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, சுண்டுவிரல் நகம் அளவு பெலாச்சான் (புளித்த இறால் விழுது) அரைத்து, நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இதில் அவசரப்பட்டால் மிளகாயின் பச்சை வாடை கடைசிவரை போகாது. பிறகு டின் சாஸை மட்டும் கால் கப் தண்ணீரோடு ஊற்றிக் கொதிக்கவிட்டு, புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, வட்டமாக அரிந்த பெரிய வெங்காயம் போட்டு, சுண்டிய பிறகே மீன். மூன்று நிமிடம், கரண்டி போடாமல் சட்டியைக் குலுக்கினால் போதும். மீன் ஏற்கெனவே வெந்தது. முதலிலேயே போட்டுக் கிளறினால் சம்பால் இல்லை, தொக்கு. மாவுச் சாஸ் டின்னாக இருந்தால் தீயைக் குறையுங்கள், அது சட்டென்று அடிப்பிடிக்கும். உப்பு கடைசியில், ருசி பார்த்து. லேபலில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் சோடியம் என்றால் முழு டின்னில் ஏறக்குறைய 1,490. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான். யூரிக் அமிலம் ஏறிக் கால் வீங்குகிறவர்களுக்கு எந்த பிராண்ட் சார்டினும் நல்லதல்ல.

2018-இல் இந்தோனேசிய உணவு, மருந்து ஆணையம் 27 பிராண்ட் டின் மாக்கரெலில் ஒட்டுண்ணிப் புழு இருப்பதாக அறிவித்ததையும், அதே ஆண்டு மலேசியாவிலும் சீனாவிலிருந்து வந்த சில சார்டின் டின்களில் புழு கிடைத்ததையும் சொல்லிப் பலர் இன்னும் தயங்குகிறார்கள். டின்னுக்குள் போன சூட்டில் புழு செத்துவிடும், அது உடலுக்குள் வளராது. ஆனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் செத்த புழுவும் தொல்லை தரலாம். பார்த்தால் சாப்பிடாதீர்கள், டின்னோடு கடைக்குக் கொண்டுபோங்கள். உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஹிஸ்டமைன் என்ற நச்சுப்பொருள். டின்னில் அடைக்கும் முன் மீன் வெயிலில் கிடந்தால் உண்டாவது. கோடெக்ஸ் அனுமதிக்கும் உச்சம் கிலோவுக்கு 200 மில்லிகிராம். தொழிற்சாலைச் சூடும் நம் அடுப்பும் அதை அழிக்காது. வாயில் வைத்ததும் மிளகு கடித்தது போல உதடும் நாக்கும் சுருக்கென்றால் துப்பிவிடுங்கள். இன்னும் நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற சமாதானம் இங்கே செல்லாது.

டின்னின் உடம்பில் மழுங்கிய நசுங்கல் பரவாயில்லை. மூடியும் உடம்பும் சேரும் விளிம்பு மடிப்பில் நசுங்கியிருந்தால், கழிவு விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உப்பியது நேராகக் குப்பைக்கு, திறந்துகூடப் பார்க்காதீர்கள். துடைத்தால் போகிற துரு சரி, குழி விழுந்த துரு ஆகாது. திறந்த பிறகு மிச்சத்தை அதே டின்னில் குளிர்ப்பெட்டியில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். காற்று பட்டதும் தக்காளிப் புளிப்பு டின்னின் உலோகத்தைக் கரைக்க ஆரம்பிக்கும், மறுநாள் சாஸில் இரும்பு வாடை வருவது அதனால்தான். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் மாற்றி வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.